முதல் துளிக்கு முந்தைய காற்று

சித்திரை, வைகாசியில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நாகமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் மதுரைத் தெருக்களில் ஒரே குரல்தான் கேட்கும்: "மழை வரப்போகுது, சன்னலத் தொறந்து வையி, நல்ல காத்து உள்ள வரட்டும்." பகல் முழுக்க 40 டிகிரியில் வெந்த வீட்டுக்கு அந்த ஆசை நியாயமானது. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு நம்பிக்கையும் உண்டு. மழை பெய்தால் தூசி அடங்கும், காற்று கழுவி விட்டாற்போல் ஆகும், வீசிங் உள்ளவர்கள் நிம்மதியாக மூச்சு விடலாம் என்பது. இது பாதி உண்மை. மீதிப் பாதி ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடக்கூடும். கோடை மழையின் முதல் அரை மணி நேரத்தில் சன்னலைத் திறப்பதா மூடுவதா என்ற சின்னக் கேள்விக்குள் பருவநிலை மாற்றமும், பூந்தாதும் (மகரந்தம்), நம் ஊர்க் கண்மாய்க்கரை முள்மரமும் ஒன்றாகக் கிடக்கின்றன. அந்த நம்பிக்கையைக் கேட்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது.

தாது ஒவ்வாமை பற்றிப் பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் குளிர்நாட்டுச் சங்கதி. 2021-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்று 1990 முதல் 2018 வரையிலான கணக்கைப் பார்த்து, அங்கே தாதுக் காலம் ஏறக்குறைய 20 நாள் முன்னதாகத் தொடங்குகிறது, 8 நாள் கூடுதலாக நீடிக்கிறது, காற்றில் தாதின் அளவு 21 சதவீதம் கூடியிருக்கிறது என்றது. நல்ல ஆய்வு. ஆனால் அதை அப்படியே தூக்கி மதுரைமேல் வைக்க முடியாது. அங்கே பனி உருகி வெயில் ஏறினால் மரம் பூக்கிறது. வெயில் முந்தினால் பூவும் முந்தும். நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. நம் ஊர்ப் புல்லும் களையும் காத்துக் கிடப்பது தண்ணீருக்கு. அதனால் இங்கே முதலில் நகர்வது மழை, அதன் பின்னால் பூ, அதன் பின்னால் தும்மல். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்கும். அது பதமாகப் பல நாள் தூறி இறங்குவது குறைந்து, நீண்ட வறட்சிக்குப் பின் ஒரே கொட்டாகக் கொட்டுவது கூடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, மார்கழியில் இழுப்பு, தை பிறந்தால் சரியாகிவிடும் என்ற பழைய கணக்கை நம்பி மருந்து எடுப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பழி ஓரிடம், தாது ஓரிடம்

மதுரையில் ஒருவர் தொடர்ந்து தும்மினால் முதலில் பழி விழுவது மல்லிகைமேல். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற பூவுக்கு இது அநியாயம். அதன் மணம் சிலர் மூக்கை உறுத்தும், தலைவலியைக்கூடக் கிளப்பும். ஆனால் அது வாசனையால் வரும் எரிச்சல். தாது ஒவ்வாமை வேறு. மணமும் பளிச்சென்ற நிறமும் தேனும் உள்ள பூக்கள் பூச்சியை நம்பி வாழ்பவை. அவற்றின் தாது பிசுபிசுப்பாக, கனமாக இருக்கும்; காற்றில் தூரம் போகாது. நம்மைப் படுத்துபவை பெரும்பாலும் பூ என்றே கண்ணில் படாதவை: அருகம்புல்லின் விரல் விரலான கதிர், முள்ளுக்கீரையின் பச்சைக் கதிர், ஆமணக்கின் ஆண்பூ, சவுக்கின் பழுப்பு நுனி, காலி மனைகளில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாகப் பூத்து நிற்கும் பார்த்தீனியம்.

இவற்றோடு நிற்கிறது சீமைக் கருவேலம். வெளிர்மஞ்சள் வால்போலத் தொங்கும் அதன் பூவுக்குத் தேனீயும் வரும், தாது காற்றிலும் பறக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பூத்து அடங்குகிற சாதியும் இல்லை; வறட்சியிலும் பூக்கும், மழை பட்டால் துளிர்த்து மறுபடியும் பூக்கும். அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் உத்தரவிட்டபோது எல்லாரும் பேசியது நிலத்தடி நீரைப் பற்றித்தான். மூக்கைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும். தரையோடு வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டை அடர்ந்து துளிர்க்கும், பூ முன்னைவிட முகத்துக்கு நேரே வந்துவிடும். வேரோடு பெயர்த்தெடுத்தால்தான் பயன். காய் தின்ற ஆடு போகிற வழியெல்லாம் விதையைப் போட்டுக்கொண்டே போகும் என்பதால், பெயர்த்த இடத்தை அடுத்த இரண்டு மழைக்காவது கவனித்து நாற்றைப் பிடுங்க வேண்டும். பூத்திருக்கும் நேரத்தில் வெட்டப் போகிறவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்வதும், பச்சை விறகை அங்கேயே கொளுத்தாமல் இருப்பதும் அவசியம்.

கரியமில வாயுவின் பங்கையும் சொல்லியாக வேண்டும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பார்த்தீனியத்தின் உறவுக்காரச் செடியான ராக்வீடை, அந்த வாயுவை இரு மடங்காக்கிய கூண்டுக்குள் வளர்த்துப் பார்த்தபோது தாது 61 சதவீதம் கூடியது. சீமைக் கருவேலமும் அந்த வாயு கூடினால் ஆதாயம் அடைகிற வகைதான். அருகம்புல் அப்படியல்ல, அதன் இலை வேறு வழியில் உணவு தயாரிப்பதால் வாயு கூடுவதில் அதற்குப் பெரிய லாபம் இல்லை. சூடும் ஈரமும் சேர்ந்து கிடைத்தால்தான் அதற்குக் கொண்டாட்டம். எல்லாச் செடியும் ஒரே மாதிரி பெருகும் என்று சொல்லிப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

பார்த்தீனியத்தைப் பிடுங்குவதற்கும் நேரம் இருக்கிறது. முளைத்து நாலு முதல் ஆறு வாரத்தில் பூத்துவிடும். அதற்குள், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு எடுக்க வேண்டும். பூத்த பிறகு பிடுங்கினால் தாதும் விதையும் நம்மேலேயே கொட்டும். பயிர் செய்யாத இடமாக இருந்தால் லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பைக் கரைத்து இலை நனையத் தெளிப்பதும் பழக்கத்தில் உள்ள வழி. தோட்ட மண்ணில் அதைச் செய்யக்கூடாது. இந்தச் செடி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பில் அரித்துத் தடிக்கும். அவர்களில் சிலருக்குச் சாமந்தியும் சேராது, இரண்டும் ஒரே குடும்பம். பூக்கட்டும் தொழிலில் உள்ளவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மார்கழிப் பனிமேல் விழும் பழியும் முழுக்க நியாயமானதல்ல. பனிக்காலக் குளிர்காற்று மூச்சுக்குழலைச் சுருக்கும், புகை மேலே போகாமல் தெருவிலேயே படியும், அது நிஜம். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் முளைத்த புல்லும் கீரைக் களைகளும் கதிர் தள்ளி நிற்பதும், ஈரம் குடித்த மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் பெருகுவதும் அதே வாரங்களில்தான். பனிக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டு, விடியற்காலையில் புல்வெளி ஓரமாக நடைப்பயிற்சி போனால் துணி காப்பாற்றாது.

சல்லடையில் நிற்காத குருணை

இனி அந்த அரை மணி நேரத்துக்கு வருகிறேன். புல்லின் தாது ஒன்று சுமார் 30 முதல் 35 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இருக்கும். தலைமுடியின் தடிமனில் பாதி. அந்த அளவுள்ள எதையும் மூக்கு பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் தாது ஒவ்வாமை பெரும்பாலும் மூக்கு, கண் சமாச்சாரமாகவே நின்றுவிடுகிறது: தும்மல், நீர் ஒழுகல், கண் அரிப்பு. நுரையீரலின் சிறு கிளைகள்வரை ஒரு துகள் இறங்க வேண்டுமானால் அது 5 மைக்ரானுக்குக் கீழே இருந்தாக வேண்டும். முழு அரிசி சல்லடையில் நின்றுவிடும், குருணை இறங்கிவிடும். இடிமழை செய்வது அரிசியைக் குருணையாக்கும் வேலை.

இடிமேகம் கட்டும்போது அதற்குக் கீழிருந்து சூடான காற்று மேலே உறிஞ்சப்படுகிறது. சுற்றுவட்டாரத் தாதும் அதோடு ஏறுகிறது. மேகத்தின் ஈரத்தில் தாது தண்ணீர் குடித்து ஊதி வெடிக்கிறது. ஒரு புல் தாதுக்குள் சுமார் 700 மாவுச்சத்துத் துணுக்குகள் வரை இருக்கும். ஒவ்வொன்றும் அரை மைக்ரான் முதல் இரண்டரை மைக்ரான், ஒவ்வொன்றிலும் ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம். பிறகு மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று தடாலென்று கீழே விழுந்து தரையோடு பரவுகிறது. மழைக்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, கதவை அடித்துச் சாத்தி, உடம்புக்குச் சில்லென்று வருகிறதே, அந்தக் காற்றுதான். எதைக் கேட்டுச் சன்னலைத் திறக்கிறோமோ, குருணையைச் சுமந்து வருவதும் அதேதான். தொடர்ந்து முதல் துளிகள் காய்ந்த மண்ணில் விழும்போது மண்ணிலிருந்தும் நுண்துளிகள் தெறித்துக் காற்றில் கலக்கின்றன. மண்வாசம் நம் மூக்குக்கு வரும் வழியே அதுதான்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 2016 நவம்பர் 21 மாலை மெல்போர்ன் நகரில் இப்படி ஒரு இடிக்காற்று வீசியது. அடுத்த இரண்டு நாளில் மூச்சுத்திணறலோடு அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட 3,000 பேருக்கும் மேல் கூடுதல். 10 பேர் இறந்தார்கள். வந்தவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்றே யாரும் சொன்னதில்லை. பருவத்துக்குத் தும்மல் மட்டும் இருந்தவர்கள். இந்திய, ஆசிய வம்சாவளியினர் அந்த ஊர் மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டார்கள் என்பதை நாம் தாண்டிப் போகக்கூடாது. மெல்போர்ன் தூரம் என்றால், 2013 நவம்பரில் ஈரானின் அஹ்வாஸ் நகரைப் பார்க்கலாம். நம்மைப்போல வெயிலும் புழுதியும் நிறைந்த ஊர். நீண்ட வறட்சிக்குப் பின் வந்த மழையோடு ஆயிரக்கணக்கானோர் மூச்சிரைப்போடு ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். புல் பச்சைப்பசேலென்று வளரும் குளிர்நாட்டுக்கு மட்டும் உரிய ஆபத்து என்று இதைத் தள்ளிவைக்க முடியாமல் செய்தது அந்த நகரம்தான்.

மழை காற்றைக் கழுவும் என்ற பாதி உண்மையும் கிடக்கிறது. நசநசவென்று மணிக்கணக்கில் பெய்யும் ஐப்பசி மழை முழுத் தாதைக் கழுவி இறக்கிவிடும். பெய்து முடிந்தபின் காற்று சுத்தமாகவே இருக்கும். கொட்டித் தீர்த்துவிட்டு அரை மணியில் ஓய்கிற கோடை மழை அப்படியல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அளந்து பார்த்தபோது, பலத்த மழைக்குப் பிறகு தாதுத் துணுக்குகள் 11 மணி நேரம் வரை காற்றில் இருந்தன. மழை விட்டதும் மொட்டைமாடியைப் பெருக்கிவிட்டுப் பாயை விரிப்பது நம் வழக்கம். ஆஸ்துமா உள்ளவர் அந்த ஓர் இரவு மட்டும் கீழேயே படுத்துக்கொள்ளலாம்.

தகரக்கூரை வீட்டில் போய் எல்லாச் சன்னலையும் மூடுங்கள் என்று சொல்வது கொடுமை, யாரும் கேட்கப்போவதுமில்லை. நோயாளி இருக்கும் ஓர் அறையை மட்டும், இருட்டத் தொடங்கியதும், புழுதிக்காற்றுக்கு முன்பே மூடினால் போதும். மின்விசிறி ஓடட்டும். மாடித் துணியை எடுக்கவும், வற்றலை அள்ளவும் வீட்டில் வீசிங் இல்லாதவர் போகட்டும். வழியில் மாட்டிக்கொண்டால் எந்தக் கட்டடத்துக்குள்ளாவது நுழைந்துவிடுவது நல்லது. மரத்தடி வேண்டவே வேண்டாம். முழுத் தாதைச் சாதாரண முகக்கவசமே பிடிக்கும், குருணைக்கு என்95 தேவை. சன்னலில் ஈரத்துணி தொங்கவிடுவது புழுதியை ஓரளவு பிடிக்கும், குருணையைப் பிடிக்காது.

மழை விழுந்த நாளிலிருந்து எண்ணுவது

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே முழுப்பலன் தர ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். தும்மல் உச்சத்துக்கு வந்தபின் நாலு நாள் அடித்துவிட்டு "கேட்கலை" என்று தூக்கிப் போடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. நல்ல மழை ஒன்று விழுந்தால் அருகு சில வாரத்தில் கதிர்விடும், பார்த்தீனியத்துக்கு நாலு முதல் ஆறு வாரம். அப்படியானால் மழை விழுந்த அன்றே மருந்தைத் தொடங்கினால் பூவுக்கு முன்னால் நாம் இருப்போம். எந்த மாதம் தொடங்கட்டும் என்று டாக்டரிடம் கேட்பதற்குப் பதில், எந்த மழைக்குப் பின் தொடங்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். அடிக்கும்போது தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும், நுனி நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப்பக்கம் பார்க்கும்படி அடிக்க வேண்டும். நடுத்தண்டிலேயே அடித்துக்கொண்டிருந்தால் ரத்தம் கசியும். ஸ்ப்ரேக்கு முன் உப்புநீரால் மூக்கைக் கழுவினால் மருந்து நன்றாகப் படும்: ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு, சுமார் ஒன்றரை டீஸ்பூன். தண்ணீர் கொதித்து ஆறியதாக மட்டுமே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே மூக்கில் ஏற்றினால் மூளையைத் தின்னும் அமீபா நுழைய வழி உண்டு. அந்த நோய் வந்தால் பிழைப்பது அரிது.

வாயில் வைத்து இழுக்கும் பம்ப் (இன்ஹேலர்) விஷயத்தில் இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. "பம்ப் பழகிடும், மாத்திரை போதும்" என்கிற பேச்சு மதுரையில் எங்கும் கேட்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பம்ப்பில் வரும் ஸ்டீராய்டான புடசொனைடு 200 மைக்ரோகிராம் என்பது 0.2 மில்லிகிராம். ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோன் ஒன்று 5 மில்லிகிராம், அதாவது 25 மடங்கு எடை, அதுவும் உடம்பு முழுக்கப் போகிறது. இரண்டின் வீரியம் ஒன்றல்ல என்றாலும், பயப்பட வேண்டியது எதற்கு என்பது புரிந்துவிடும். நீல நிறச் சால்பியூட்டமால் பம்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுவதை ஆஸ்துமாவுக்கான உலகளாவிய ஜைனா வழிகாட்டுதல் 2019-லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அது குழலைத் தளர்த்தும், உள்ளே உள்ள வீக்கத்தைத் தொடாது. வீக்கம் ஆறாத குழல்மேல்தான் இடிமழைக் குருணை வந்து விழுகிறது.

வாங்கிய பம்ப்பை எப்படி எடுப்பது என்பதில்தான் பாதி மருந்து வீணாகிறது. நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, வாயில் வைத்து, மெதுவாக இழுக்கத் தொடங்கியபின் அழுத்தி, 3 முதல் 5 விநாடி இழுத்து, 10 விநாடி அடக்கவும். அடுத்த அழுத்தத்துக்கு அரை நிமிடமாவது விடவும். கேப்சூல் போட்டு இழுக்கும் கருவிக்கு நேர் எதிர்: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும், கருவிக்குள் ஊதக்கூடாது, மூச்சின் ஈரத்தில் பொடி கட்டிபடும். இரண்டிலும் கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்பவும். பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் குப்பியான ஸ்பேசர் இருந்தால் குழந்தைக்கும் முதியவருக்கும் வேலை எளிது. அதை மாதம் ஒருமுறை சோப்புநீரில் அலசி, துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துடைத்தால் உள்சுவரில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை அதுவே பிடித்துக்கொள்ளும். பம்ப்பைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது பழைய பழக்கம், அது மருந்தின் அளவைக் காட்டாது. எண்ணிக்கை காட்டும் பம்ப்பாகக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான பம்ப்களை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருப்பார்கள். சித்திரை வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கி அதற்கான இடமில்லை. சட்டைப்பையோ கைப்பையோ பரவாயில்லை.

இழுப்பு வந்துவிட்டால்: உட்கார வைத்து, சால்பியூட்டமாலை ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக 4 அழுத்தம், ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. நாலு நிமிடம் பார்த்து, குறையாவிட்டால் மறுபடி 4. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விலா உள்ளே குழிகிறது என்றால் எதையும் எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை பம்ப்பைத் தொடருங்கள்.

எந்தத் தாது தனக்குச் சேரவில்லை என்பதை அறிய விரும்புபவர் தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்குப் போகலாம். ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் போனால் எல்லாம் இல்லை என்றே வரும். குத்துவதற்கு முன்பு பட்டியலில் சீமைக் கருவேலம், பார்த்தீனியம், அருகு, முள்ளுக்கீரை, வீட்டு உண்ணி, கரப்பான் இருக்கின்றனவா என்று கேளுங்கள். 15, 20 நிமிடத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் உடம்பு அதை அடையாளம் வைத்திருக்கிறது என்று பொருள். நோய்க்குக் காரணம் அதுதானா என்பதை அந்தத் தடிப்பு தனியாகச் சொல்லாது.

அதைச் சொல்வதற்குத்தான் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. கேஸ் சிலிண்டர் வந்த தேதி குறிக்கும் அதே கட்டத்தில் நாலு விஷயம் எழுதினால் போதும்: மழை பெய்ததா, இடியோடு பெய்ததா, பம்ப் எத்தனை அழுத்தம், காலையும் மாலையும் பீக் ஃப்ளோ எண் (மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்பதை ஒரு சின்னக் குழாய் காட்டுவது). அந்தச் சின்னக் குழாயை நின்றபடி மூன்று முறை பலமாக ஊதி, பெரிய எண்ணை மட்டும் எழுதவும். நல்ல நாளில் வரும் உங்கள் உச்ச எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் கவனம், 50-க்குக் கீழே போனால் அவசரம். தெருமுனையில் கருவேலம் பூத்ததையும் குறித்துக்கொள்ளலாம். ஜனவரியில் புதுக் காலண்டர் மாட்டும்போது பழையதைக் கடைக்குப் போடாமல் சுருட்டிப் பீரோமேல் வைத்துவிட்டு, அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.